வாசகர் கேள்வி – பதில்: வருத்தம் பார்க்கப் போன இடத்தில்

சென்ற இதழில் ஒரு வாசகர், “இறைவனை அடையக் கோயில் வழிபாடு வேண்டுமா, பிறருக்குச் செய்யும் தொண்டு போதுமா?” என்று கேட்டிருந்தார். “இரண்டும் வேண்டும்” என்று நான்கு வரியில் எழுதிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். அந்த நான்கு வரி பலருக்குப் போதவில்லை என்பதை இம்மாதம் வந்த கடிதங்கள் காட்டுகின்றன. அவை ஒரே பொருளைச் சுற்றி வந்திருப்பதால், வழக்கமான இலக்கணக் கேள்விகளையும் விரத நாள்கள் பற்றிய கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இக்கடிதங்களுள் ஏழுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். சில கடிதங்களைப் படித்தால் காரணம் விளங்கும்.

கேள்வி: என் மாமி பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது எல்லாம் நானே. விரதங்கள் தவறிவிட்டன, நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களில் ஒரு நாள்கூட என்னால் போக முடியவில்லை. சில வேளைகளில் மாமி மேல் கோபம் வருகிறது. பிறகு இருந்து அழுகிறேன். கடவுளை விட்டுத் தூரமாகிவிட்டேனோ என்ற பயம் என்னை வாட்டுகிறது. (ஒரு வாசகி, இணுவில்)

பதில்: சகோதரி, கோயிலுக்குப் போகவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதையே நான் முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. திருமூலர் இரண்டு கோயில்களைப் பற்றிச் சொல்கிறார்:

“படமாடக் கோயில் பகவற்கு ஒன்று ஈயில்
நடமாடக் கோயில் நம்பர்க்கு அங்கு ஆகா
நடமாடக் கோயில் நம்பர்க்கு ஒன்று ஈயில்
படமாடக் கோயில் பகவற்கு அது ஆமே.”

சித்திரம் எழுதிய மாடக் கோயிலில் இருக்கும் இறைவனுக்கு ஒன்றைக் கொடுத்தால் அது நடமாடும் கோயிலாகிய மனிதருக்குப் போய்ச் சேராது. நடமாடும் கோயிலுக்குக் கொடுத்தாலோ அது மாடக் கோயிலில் இருப்பவருக்கும் சேர்ந்துவிடும் என்பது பொருள். இப்பாடல் மாகேசுர பூசை என்னும் பகுதியில் வருவதால், நடமாடும் கோயில் என்றது சிவனடியாரையே என்று உரைகாரர் கொள்வர். பசித்தவரையும் நோயாளரையும் அதற்குள் சேர்த்துக்கொண்டது பிற்காலத்தார் செய்த விரிவு. அந்த விரிவைத் திருமூலர் வேண்டாம் என்றிருப்பார் என நான் நினைக்கவில்லை. உங்கள் மாமியால் நடமாட முடியாது என்பது ஒன்றுதான் வேறுபாடு. முதுகில் புண் வந்துவிடாமல் அந்தக் கோயிலை நீங்களே மணிக்கணக்குப் பார்த்துப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது.

பெரியபுராணத்தில் வரும் திருக்குறிப்புத் தொண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணிகளைத் தோய்த்துக் கொடுப்பதையே தம் வழிபாடாகக் கொண்டிருந்தவர் அவர். குளிர்காலத்தில் ஒரு நாள் இறைவன் உடல் மெலிந்த முதியவராக, அழுக்கேறிய கந்தையோடு வந்து, பொழுது சாய்வதற்குள் தோய்த்து உலர்த்தித் தரவேண்டும் என்று கேட்டார். தோய்த்த பிறகு மழை பிடித்துக்கொண்டது, பொழுதும் சாய்ந்தது. முதியவர் குளிரில் நடுங்குவாரே என்ற துயரம் தாளாமல் நாயனார் துணி தோய்க்கும் கல்லிலே தம் தலையை மோதினார். அப்போது அந்தக் கல்லிலிருந்தே இறைவனின் கை எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டது என்கிறார் சேக்கிழார். இந்தக் கதையைப் பல ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தவன் நான். கை எழுந்த இடம் துணி தோய்க்கும் கல் என்பது, என் தாயார் படுக்கையில் கிடந்த மாரிகாலம் ஒன்றில், விறாந்தைக் கொடியில் காயாமல் தொங்கிய துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இனிக் கோபத்தைப் பற்றி. “என் கடன் பணி செய்து கிடப்பதே” என்ற அப்பர் வாக்கை நம்மவர்கள் திருமண வாழ்த்திலிருந்து, இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு வரை எழுதிவைக்கிறார்கள். அதற்கு முந்திய அடியைச் சொல்வார் அரிது. “தன் கடன் அடியேனையும் தாங்குதல்” என்பதே அந்த அடி. ‘அடியேனையும்’ என்பதில் உள்ள உம்மையைக் கவனியுங்கள். பணி செய்பவரும் தாங்கப்பட வேண்டியவர் என்பதை அப்பர் முதலில் சொல்லிவிட்டே பணியைப் பற்றிப் பேசுகிறார். ஆறு வருடங்கள் இரவில் ஒழுங்கான நித்திரை இல்லாத ஓர் உடம்பிலிருந்து எழும் கோபத்தைப் பாவம் என்று எண்ணி நீங்கள் அழ வேண்டியதில்லை, அது களைப்பு. களைப்புக்குப் பரிகாரம் ஓய்வு. உங்கள் கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாமி அவரைப் பெற்ற தாய். கிழமையில் இரண்டு இரவுகளாவது அவர் அந்த அறையில் படுக்கட்டும். தாயைத் துடைப்பதற்கு மகனுக்குத் தெரியாது என்றால் நீங்கள் ஒரு நாள் காட்டிக்கொடுங்கள். வருத்தம் பார்க்கவென்று தோடம்பழமும் விசுக்கோத்தும் கொண்டு வந்து, ஒரு மணித்தியாலம் இருந்து ஊர்க்கதை பேசி, உங்களிடம் தேநீரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போகும் உறவினரிடம், அடுத்த முறை வெறுங்கையோடு வந்து மாமிக்குப் பக்கத்தில் இரண்டு மணித்தியாலம் இருக்கும்படி கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த நேரத்தில் நல்லூருக்குப் போகலாம். நித்திரை கொண்டாலும் முருகன் குறை நினைக்கமாட்டார்.

கேள்வி: எங்கள் ஊரில் உலர் உணவுப் பொதி கொடுக்க வந்தவர்கள், பொதியைப் பெற்ற ஒவ்வொருவரையும் பதாகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். காசு அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட அது வேண்டும் என்கிறார்கள். இது சரியா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: சரியன்று. கணக்குக் காட்டுவதற்குப் பற்றுச்சீட்டும் பெயர்ப்பட்டியலும் கையொப்பமும் இருக்கின்றன. கணக்குப் பதிவதற்கு மனிதரின் முகம் எதற்கு? “வறியார்க்கொன்று ஈவதே ஈகை மற்றெல்லாம் குறியெதிர்ப்பை நீரது உடைத்து” என்றார் வள்ளுவர். குறியெதிர்ப்பை என்பது, அளந்து கொடுத்து அதே அளவு திரும்ப வாங்கும் கைமாற்று. ஐந்து கிலோ அரிசியும் இரண்டு கிலோ பருப்பும் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு தாயின் குனிந்த முகத்தை வாங்கிக்கொண்டு போனால் அங்கே ஈகை நடக்கவில்லை, பண்டமாற்று நடந்திருக்கிறது. அதே அதிகாரத்தில் இன்னொரு குறள், ‘என்னிடம் இல்லை’ என்ற துன்பச் சொல்லை ஒருவர் சொல்லும் முன்னமே கொடுப்பதைக் குலனுடையானின் பண்பு என்கிறது. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று இயேசு சொன்னதும் இதையே. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியின் மடங்களில் அன்னதானப் பந்தியில் இருந்து பாருங்கள்: அன்றைய சோற்றுக்குக் காசு கொடுத்தவரும், வீட்டில் அடுப்பு எரியாததால் வந்தவரும் ஒரே வரிசையில் சம்மணம் கட்டி இருப்பார்கள், யார் எவர் என்று பரிமாறுபவருக்குத் தெரியாது.

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். வடமராட்சியில் உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு இராசகோபுரம் எழுப்பவென்று ஒரு பெருந்தொகை கேட்டிருக்கிறார்கள். என் மனைவியோ அந்தக் காசைச் சிறுநீரக நோயாளருக்குக் கொடுக்கலாம் என்கிறாள். கோயில் காசை நோயாளிக்குக் கொடுத்தால் குற்றமாகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

பதில்: உங்கள் மனைவி சொல்வதே சரி என்பது என் எண்ணம். ஆனால் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோபுரம் கட்டுவது வீண் என்று நான் சொன்னதாக ஊரில் கதை பரவினால் எனக்கு நல்லதல்ல.

கோயிலுக்கும் ஏழைக்கும் நடுவே வழக்கு ஒன்று இருப்பதாக நினைப்பதே பிழை. சைவத்தின் கோயில் ஒழுக்கத்துக்கு ஆறுமுக நாவலரைப்போல வாதாடியவர் இந்த மண்ணில் வேறு எவருமில்லை. பூசை முறையில் ஓர் அணு பிசகினாலும் அவர் கண்டனம் எழுதுவார். அதே நாவலர், தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில், 1870களின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் பிடித்தபோது, பொருளுள்ளவர்களிடம் கையேந்திக் கஞ்சித் தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவித்தார். புத்தகம் அச்சிடுவதும் புராண படனம் செய்வதும் கஞ்சி ஊற்றுவதும் அவருக்கு வெவ்வேறு துறைகளாகத் தோன்றியிருக்கவில்லை. நம் காலத்திலேயே, 2008இல் மறைந்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலைப் பொறுப்பேற்று நடத்தியபோது, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றைக் கோயிலின் நிழலிலேயே வளர்த்தெடுத்தார். அங்கே உண்டியலில் விழுந்த காசு பிள்ளைகளின் பாடக்கொப்பியாகவும் சோறாகவும் மாறியபோது அம்பாளுக்குக் குறைந்தது என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சுவாமி விவேகானந்தர் 1897 சனவரியில் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் பேசிவிட்டு, இங்கிருந்து கடல் கடந்து பாம்பனில் இறங்கினார். அடுத்து இராமேசுவரம் கோயிலில் நின்று அவர் பேசியது, ஏழையிலும் வலுவற்றவரிலும் நோயாளரிலும் சிவனைக் காண்பவரே உண்மையில் சிவனை வழிபடுகிறார் என்பதும், சிலையில் மட்டும் காண்பவரின் வழிபாடு தொடக்க நிலையில் இருக்கிறது என்பதும் ஆகும். அந்தச் சொற்களை அவர் ஒரு மடத்திலோ மண்டபத்திலோ சொல்லவில்லை. நாடெங்குமிருந்து யாத்திரிகர் தேடி வரும் பெருங்கோயிலுக்குள் நின்று சொன்னார். தொடக்க நிலை என்றாரே தவிர, தேவையற்ற நிலை என்று சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அரிச்சுவடி படியாமல் எவரும் புராணம் படிக்க முடியாது.

அப்படியானால் கோபுரத்துக்குக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம்; அதற்கு முன் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துச் சில விடயங்களை விசாரியுங்கள். இப்போது அந்தக் கோயிலில் நாளுக்கு எத்தனை காலப் பூசை நடக்கிறது, ஐயருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று கேளுங்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் ஊர்களில், கடல் கடந்து வந்த காசில் உயர்ந்து நிற்கும் கோபுரத்தின் கீழே, ஒருகாலப் பூசைக்கு எண்ணெய் இல்லாத கோயில்களை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் உள்ள எல்லோரும் அந்த வாசலால் ஒரே மாதிரி உள்ளே போகிறார்களா, எல்லோரிடமும் உபயம் வாங்குகிறார்களா என்பதையும் கேட்க மறவாதீர்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கோபுரம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், வாசலில் ஒரு மனிதரைச் சாதி சொல்லி மறித்த நாளில் சுவாமி அந்த மனிதரோடு வெளியே நின்றிருப்பார் என்பதே என் நம்பிக்கை.

உங்கள் மனைவி சொன்ன நோயாளரின் நிலை என்னவென்றால், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு நடக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் பிடிக்கும். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை என்றாலும், வன்னியின் உட்கிராமம் ஒன்றிலிருந்து வரும் கூலித் தொழிலாளி ஒருவருக்குப் போக்குவரத்துச் செலவும், உடன் வருபவரின் நாட்சம்பள இழப்பும் சேர்ந்து குடும்பத்தை விழுங்கிவிடுகின்றன. ஒரு குடும்பத்தின் வண்டிச் செலவை ஒரு வருடத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையாருக்கு என்று ஒதுக்கிய காசு என்ற உறுத்தல் இருந்தால், அதைப் பிள்ளையார் பெயரிலேயே கொடுங்கள். விக்கினம் தீர்ப்பதுதானே அவருடைய வேலை.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவன். கடவுள் நம்பிக்கை எனக்கில்லை. ஆனால் ஒழுங்காக இரத்ததானம் செய்கிறேன். விடுமுறையில் சிறுவர்களுக்கு இலவசமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். “சாமி கும்பிடாதவன் செய்யும் தொண்டு வீண்” என்கிறார் அம்மா. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, உமது இரத்தத்தால் பிழைத்தவரின் உடம்பு, கொடுத்தவர் திருநீறு பூசியிருந்தாரா என்று கேட்கவில்லை. “அன்பு சிவம் இரண்டு என்பர் அறிவிலார்” என்ற திருமந்திர அடியை அம்மாவிடம் சொல்லும். அவர் மறுத்துப் பேசமாட்டார். கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகள், நல்லூர்த் தேரடியில் தம் குருநாதரான செல்லப்பா சுவாமிகளிடம் பெற்ற வாக்கியங்களுள் ஒன்று “நாம் அறியோம்” என்பது. அறியோம் என்று ஒரு ஞானியே சொல்லக்கூடிய இடத்தில், அறியேன் என்று சொல்லும் உரிமை இருபது வயது இளைஞனுக்கும் உண்டு.

இருந்தாலும் உம்மிடம் ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. நீர் படிப்பித்த பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டு, உம்மைத் தெருவில் கண்டும் காணாததுபோலப் போகும் ஒரு நாள் வரும்; என் ஆசிரிய வாழ்வில் அப்படிப் பல நாள்கள் வந்தன. அன்று மாலையும் அடுத்த பிள்ளைக்காகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார உம்மை எது தூண்டும்? பலன் தெரியாத இடத்திலும் நின்றுபிடிக்க எனக்கு உதவியது வழிபாடு. உமக்கு வேறு ஏதாவது உதவினால் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அம்மாவின் விரதச் சமையலைக் கேலி செய்யாதீர். அவர் விளக்கேற்றும்போது யாருக்காகக் கும்பிடுகிறார் என்று நினைக்கிறீர்?

கேள்வி: ஒருவர், விசுவாசம் மட்டுமே மீட்கும் என்கிறார், இன்னொருவர், நற்கிரியையே வேண்டும் என்கிறார், என் சைவ நண்பர்கள் வேறு சொல்கிறார்கள். எது சரி? (ஒரு கத்தோலிக்க வாசகர், இளவாலை)

பதில்: பிற சமயத்தின் உட்பூசலில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. வேதாகமத்தைப் படித்த அளவில், விசுவாசத்தைப் பற்றிப் பவுல் சொன்னதும், “கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது” என்று யாக்கோபு எழுதியதும் ஒரே புத்தகத்துக்குள்தான் இருக்கின்றன. சைவத்திலும் சரியையை, அதாவது உடம்பால் செய்யும் கோயில் தொண்டை, வெறும் முதற்படி என்று தள்ளிவிட்டு நேரே ஞானம் பேச வருபவர்கள் உண்டு. கோயில் முற்றத்தில் புல்லைச் செருக்கிய அப்பரின் கையில் கடைசிவரை உழவாரம் இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வாதத்தை விட்டுவிட்டு, இந்த மண்ணில் நடந்ததைப் பார்ப்போம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த 1687ஆம் ஆண்டில், கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, யோசேவாஸ் அடிகள் ஏழைக் கூலியாளைப்போல உடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலையில் தங்கி இரகசியமாகப் பணி செய்தார்; பின்னர் 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, பெற்றவர்களே பிள்ளைகளை விட்டு ஓடிய வேளையில், சமயம் பாராது நோயாளரைத் தேடிப்போய்ப் பராமரித்தார். அவர் 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டதைவிட அந்த அம்மைக் குடிசைகளே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

ஒரு வேடிக்கையான ஒற்றுமையையும் சொல்ல ஆசை. ஆறுமுக நாவலர் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பிறந்தவர் மருத்துவர் சாமுவேல் கிறீன். 1847இல் இங்கு வந்த அவர், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். ஒருவர் மிசனரி, மற்றவர் மிசனரிமாரைக் கண்டித்து எழுதியே பேர்பெற்றவர். இருவருக்கும் சமயத்தில் ஒத்துப்போக ஒரு வார்த்தையும் இருந்திராது. ஆனால் ஒருவரின் நம்பிக்கை அவரை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தியது. மற்றவரின் நம்பிக்கை அவரைக் கஞ்சித் தொட்டியருகே நிறுத்தியது.

“வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்” என்று மத்தேயு சுவிசேடத்தில் வருவது உங்களுக்குத் தெரியும். நபிமொழித் தொகுப்பான முஸ்லிமில், மறுமை நாளில் இறைவன், “ஆதமின் மகனே, நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை நலம் விசாரிக்கவில்லையே” என்று கேட்பதாகவும், “உலகையெல்லாம் காப்பவனான உன்னை நான் எப்படி விசாரிப்பேன்?” என்று மனிதன் திகைக்கும்போது, “என் அடியான் ஒருவன் நோயுற்றிருந்தான், அவனை விசாரித்திருந்தால் என்னை அவனிடத்தில் கண்டிருப்பாய்” என்று இறைவன் சொல்வதாகவும் ஒரு செய்தி வருகிறது. யாழ்ப்பாணத்தில் நாம் ‘வருத்தம் பார்க்கப் போவது’ என்று சாதாரணமாகச் சொல்லும் காரியத்தை இரண்டு வேதக்காரரும் இவ்வளவு பெரிய இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: 2009இல் என் ஒரே மகனை இழந்தேன். அதன்பின் சாமி அறையைத் திறக்கவில்லை. “உன் கர்மம்” என்றார் ஒருவர். “தொண்டு செய், ஆறுதல் கிடைக்கும்” என்றார் இன்னொருவர். அப்போது கடவுள் எங்கே இருந்தார் என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் தாயில்லாத இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகமுன் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறேன். அது வேறு விடயம். (ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கர்மக் கொள்கை தன்னுடைய வினையைத் தானே எண்ணித் திருந்துவதற்காகச் சொல்லப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்துக்கு நேரே அதைச் சொன்னவர் சைவத்தையும் அறியவில்லை, தாய்மையையும் அறியவில்லை. தொண்டு செய்தால் ஆறுதல் கிடைக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். தம் துயரத்துக்கு மருந்தாகப் பிறருடைய துயரத்தைத் தேடிப் போகும்படி ஒருவருக்குப் புத்தி சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் கண்ட ஒன்றை மட்டும் எழுதுகிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து செம்மணி வழியாகத் தென்மராட்சி நோக்கிப் போனபோது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். துவிச்சக்கர வண்டியை உருட்டவும் இடமில்லாத நெரிசல்; மழை வேறு. தண்ணீர் விடாய் தாங்காமல் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரைக் குடித்தவர்களைக் கண்டேன். அன்றிரவு நான் கேட்ட கேள்வியும் நீங்கள் கேட்டதுதான். விடியும் வேளையில் கைதடியில் ஒரு வேலிப் படலைக்குப் பக்கத்தில், வயதான ஒரு பெண் வாளியில் தண்ணீரும் ஒரு செம்பும் வைத்துக்கொண்டு, போவோர் வருவோருக்கெல்லாம் வார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் வார்த்தார். பெயர் கேட்கவில்லை, கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அந்தத் தண்ணீர் என் கேள்விக்கு விடையாகவில்லை. ஆனால் அதன்பின் அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணை நினைக்காமல் என்னால் கேட்க முடியவில்லை. விறகில் தீயைப்போலவும் பாலில் நெய்யைப்போலவும் “மறைய நின்றுளன்” என்று அப்பர் பாடியதைப் பாடமாக மட்டும் அறிந்திருந்தவன் நான்.

சாமி அறை பூட்டியே இருக்கட்டும். திறக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றாதவரை எவருக்காகவும் திறக்க வேண்டாம். ‘அது வேறு விடயம்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை மட்டும் நான் பலமுறை வாசித்தேன். அந்தப் பிள்ளைகள் இருவருக்கும் என்ன கறி பிடிக்கும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி: அரச திணைக்களம் ஒன்றில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கிழமையில் ஒரு காலைப்பொழுதைத் தொண்டுக்குக் கொடுக்க விரும்புகிறேன். சங்கம் ஒன்றைத் தொடங்குவதா, இருக்கும் சங்கத்தில் சேர்வதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ஐயா, சங்கம் தொடங்கினால் முதல் வருடம் யாப்பு எழுதுவதிலும் இரண்டாம் வருடம் தலைவர் தெரிவிலும் போய்விடும். யாழ்ப்பாணத்தில் சங்கத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. நம் கோயில்களில் ஆண்கள் வாசலிலேயே மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம் அல்லவா? நீங்கள் முப்பது வருடங்கள் அணிந்திருந்த பதவியும் ஒரு மேற்சட்டைதான். அதைக் கழற்றிவைத்துவிட்டுப் போகக்கூடிய ஓர் இடம் சொல்கிறேன்.

போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் நாள்களில் தீவுப்பகுதி மக்கள் வருவார்கள். நெடுந்தீவிலிருந்து ஒரு முதியவர் வரவேண்டுமானால் விடியப் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் நகருக்கு வரவேண்டும். பின்னேரம் திரும்பும் படகைத் தவறவிட்டால் அன்றிரவு தங்க இடம் தேட வேண்டும். கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது, இரத்தப் பரிசோதனைத் துண்டை எங்கே கொடுப்பது, எந்த வரிசையில் நிற்பது என்பன அவர்களில் பலருக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சப்படுவார்கள். நிர்வாகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டு, கிழமையில் ஒரு காலை அங்கே போய், ஒருவருக்கு மட்டும் துணையாக இருங்கள். அவரோடு வரிசையில் நில்லுங்கள். முன்னைய செல்வாக்கைப் பயன்படுத்தி வரிசையைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பின்னால் நிற்பவரும் நெடுந்தீவாராக இருக்கலாம். மருந்து வாங்கியபின் எந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது, எதைப் பின் போடுவது என்று உறையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்துப் பேருந்தில் ஏற்றிவிடுங்கள்.

உங்கள் மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோங்கள். அந்தத் துண்டுகளில் எழுத்து மிகச் சிறியது.